திருப்பிப் போட்ட வால்கள்

கத்தரிக்கோல் பிடித்த கை அசையாமல் நின்றது. மற்றக் கை தாளைத் திருப்பிக்கொண்டிருந்தது. வளைவு வெட்டும்போது கத்தரியை வளைத்தால் ஓரம் பிசிறடிக்கும். துணியைத்தான் வளைக்க வேண்டும். சட்டைக் கழுத்து வெட்டிப் பழகிய கைக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை. இன்றைக்குத் துணி இல்லை, ட்ரேசிங் தாள். அதில் பென்சிலால் வரைந்த கோடு கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், சுண்டெலி கடித்த இடம்போல உள்ளே வாங்கி, திரும்ப வெளியே வந்து, நடுவில் ஆழமாக இறங்கி, மறுபக்கம் அலை அலையாக முடிந்தது. கத்தரியின் நுனி ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் போய் வந்தது. வெட்டி முடிந்த துண்டைக் கட்டைவிரல் ஓரமாகத் தடவிப் பார்த்தது. பிறகு மேசையில் பரப்பியிருந்த மற்றத் துண்டுகளின் மேல் அதை ஒவ்வொன்றாக வைத்து எடுத்தது. எதிலும் பொருந்தவில்லை.

"இதும் புதுசா?" என்று கேட்டான் கணவன் அக்ரம். அவன் வாசல்படியில் இருந்து நங்கூரக் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"புதுசுதான். எல்லாமே புதுசாத்தான் வருது. அதான் எனக்கு விசரா இரிக்கி."

"புதுசு வந்தா நல்லந்தானே. கடல்ல நெறயக் கெடக்குது எண்டு அர்த்தம்."

ஸுஹைரா கத்தரியைக் கீழே வைத்தாள். துண்டின் மூலையில் ஒரு இலக்கம் எழுதி, அதைத் தனியாக எடுத்து வைத்தாள்.

புத்தளம் பக்கத்து ஆலங்குடாவில் அவளைத் தையல்காரியாகத்தான் எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுமி, ஓலைக் கொட்டில் முகாமில் வளர்ந்தவள். நிவாரணத்தில் வந்த பழைய சட்டைகளைத் தையல் பிரித்து, எந்தத் துண்டு எதோடு ஒட்டியிருந்தது என்று பார்த்து, திரும்பத் தைத்து, அப்படித்தான் தொழில் பழகினாள். அந்தக் கரையில் பள்ளிக்கூடச் சீருடை, அபாயா, மாப்பிள்ளைச் சட்டை எல்லாம் அவள் மெஷினில்தான் ஏறும். போர் முடிந்து கரைக்குத் திமிங்கிலம் பார்க்க வெளிநாட்டவர் வரத் தொடங்கிய பிறகு படகுகளுக்கு வெயில் மறைப்பும் தைத்தாள். நிக்கொலஸ் அவளிடம் வந்தது அதற்காகத்தான்.

நிக்கொலஸ் சிலாபத்துக்காரர். பல்கலைக்கழகம் ஒன்றுக்காகக் கற்பிட்டிக் கடலில் எண்ணெய்த் திமிங்கிலங்கள் எங்கெங்கே நடமாடுகின்றன, மொத்தம் எத்தனை என்று கணக்கெடுக்க வந்திருந்தார். பெட்டிபோலத் தலை பெருத்த, ஆழம் போகும் திமிங்கிலம் அது. கடலடிப் பாறைத் திட்டான பாரைத் தாண்டி அடி சட்டென்று ஆழமாகும் இடத்தில் பங்குனி, சித்திரையில் கூட்டமாக வரும். மேலே வந்தால் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். பிறகு வாலை நெட்டுக்குத்தாகத் தூக்கி உள்ளே போனால் ஒரு மணித்தியாலம் போல வெளியே தலைகாட்டாது. கண்ணால் கண்டதை எண்ணினால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. ஆனால் வால் தூக்கும்போது அதன் ஓரம் தெரியும். சுறா கடித்தது, கயிறு அறுத்தது, பாறையில் உரசியது என்று அந்த ஓரம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரிப் பிய்ந்திருக்கும். நிக்கொலஸ் படகில் நேர்கோடு பிடித்து வெளியே போவார், நேர்கோடு பிடித்துத் திரும்புவார், வழியில் தூக்கிய வாலைப் பின்னாலிருந்து படம் எடுப்பார். தெரிந்த வால்களே திரும்பத் திரும்ப அகப்பட்டால் கூட்டம் சிறியது. எப்போதும் புது வால்களே அகப்பட்டால் கூட்டம் பெரியது. கணக்கின் சூத்திரம் எவ்வளவு நீளமானாலும் அதன் அடி இதுதான்.

வெயில் மறைப்பின் கிழிந்த துண்டுகளை அவள் ஓரம் பார்த்துச் சேர்த்த விதத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, வால் சேர்ப்பீங்களா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். அந்த வருடமே வேலை தொடங்கிவிட்டது. படத்தின் மேல் தாளை வைத்து ஓரத்தை வரைவாள், வெட்டுவாள், பழைய துண்டுகளோடு பொருத்துவாள். ஒவ்வொரு வாலுக்கும் இலக்கம் உண்டு. அவளுக்குப் பெயரும் உண்டு. நடுவுக்குச் சற்று இடப் பக்கமாக 'V' எழுத்துப் போல ஆழமான வெட்டு உள்ளதற்கு 'வீக் கழுத்து'. ஓரம் முழுக்கப் பல்லுப் பல்லாக உள்ளதற்கு 'ரம்பம்'. வலது முனை இல்லாததற்கு 'அரைக்கை'. முதல் பருவத்தில் வீக் கழுத்து எத்தனையோ முறை வந்தது. "பொறகும் நீயா?" என்று அதோடு கதைப்பாள்.

இரண்டாம் பருவத்தில்தான் எல்லாம் மாறியது. நிக்கொலஸின் படகு இஞ்சின் பழுதாகி பருவத்தின் பாதி நாட்கள் கரையில் கிடந்தது. படகுச் சங்கத் தலைவர் அத்தாஉல்லா ஹாஜியார் உதவிக்கு வந்தார். "சேர், எங்கட போட்டெல்லாம் நாளாந்தம் போகுது. எல்லாத்திலயும் கெமரா இரிக்கி. படமெல்லாம் புத்தளத்தில முபாறக்கிட ஸ்டூடியோவில சேர்த்து வெச்சிரிக்கம். அள்ளிக்கொண்டு போங்க." நிக்கொலஸ் அள்ளிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஸுஹைராவின் மேசையில் புது வால்களாகவே விழுந்தன. சூத்திரத்தில் போட்டபோது கணக்கு நானூறைத் தாண்டியது. இது முதல் கணக்கு, இன்னும் சரிபார்க்க வேண்டும் என்று நிக்கொலஸ் சொல்லித்தான் கொடுத்தார். சந்திக்குச் சந்தி பலகை ஏறிவிட்டது: 'நானூறு திமிங்கிலங்களின் கடல்.'

அந்த இலக்கத்தில் அவளுடைய வீடும் தொங்கிக்கொண்டிருந்தது. திமிங்கிலம் எத்தனையோ அதற்கேற்பத்தான் சுற்றுலாப் படகு விடலாம் என்று மேலிடம் சொல்லியிருந்தது. அக்ரமின் படகுக்குக் கிடைத்தது தற்காலிக அனுமதி. நானூறு நின்றால் அது நிரந்தரம். அவன் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, முன்னர் வெட்டிய வால் ஒன்றின் படத்தைத் திரும்ப எடுத்தாள். நடுவில் வால். ஓரத்தில் ஒரு படகின் முன்பக்கம். அதில் சங்கத்துப் படகோட்டி மஹ்ரூப் நின்று, படம் எடுப்பவரைப் பார்த்துக்கொண்டு, பின்னால் இருந்த வாலைக் கையால் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் போட்டிருந்தது சங்கத்தின் நீலச் சட்டை. படகோட்டிகள் எல்லோருக்கும் ஹாஜியார் சொல்லி அவள்தான் தைத்துக் கொடுத்தாள்.

சட்டைப்பை வலப் பக்கத்தில் இருந்தது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. தன் தையலை யாரோ பிரித்துக் குழப்பிவிட்டார்கள் என்று நினைத்தாள். நாற்பது சட்டை தைத்தாலும் நாற்பதிலும் பை இடது மார்பில்தான் வைப்பாள். பொத்தானைப் பார்த்தாள். பொத்தான் பட்டியும் பெண்பிள்ளைச் சட்டைபோல மறுபக்கம் மடிந்திருந்தது. பையைப் பிரித்து மாற்றலாம். பொத்தான் பட்டியை மாற்ற முழுச் சட்டையையும் கழற்ற வேண்டும். மஹ்ரூப்புக்காக யார் அந்த வேலை பார்க்கப் போகிறார்கள்?

அவள் படத்தை அப்படியே வைத்துவிட்டு, அந்த வாலுக்கு வெட்டிய தாள் துண்டை எடுத்தாள். புது வால் என்று இலக்கம் போட்டது. அதைக் குப்புறத் திருப்பினாள். வீக் கழுத்தின் மேல் வைத்தாள்.

இம்மியும் பிசகாமல் பொருந்தியது. சட்டை அல்ல, படம்தான் இடம் வலம் மாறியிருந்தது.

சட்டைக்கு ஒரு கைத் துண்டை வெட்டி, அதைத் திருப்பிப் போட்டுத்தான் மற்றக் கைக்கு வெட்டுவது. எத்தனை ஆயிரம் முறை செய்திருப்பாள். தனியாக வைத்திருந்த புதுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினாள். ரம்பம் வந்தது. அரைக்கை வந்தது. அரைக்கைக்கு இடது முனை போன சோடி ஒன்று இருக்கிறது என்று அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருந்தாள். அதுவும் அரைக்கைதான். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லியும் அவள் எழும்பவில்லை. மற்றவர்களின் மேல் வந்த கோபத்தை விடத் தன்மேல் வந்த கோபம்தான் அதிகம். இடம் வலம் பார்த்துப் பிழைக்கிறவள், ஒரு பருவம் முழுக்க இதைப் பாராமல் இருந்திருக்கிறாள்.

நிக்கொலஸுக்குப் போன் எடுத்தாள். திருப்பிய வால்களைப் பற்றிச் சொன்னாள்.

"எத்தனை இருக்கும்?" என்றார்.

"தெரியா, சேர். திருப்பினது எது, திருப்பாதது எது எண்டு படத்தப் பாத்து வெளங்கல்ல. திருப்பி வெச்சாப் பொருந்துறது எல்லாம் ஒண்டுதான் எண்டும் சொல்ல ஏலா. சின்னச் சின்ன வெட்டு ரெண்டு வாலில ஒரே மாதிரி இருக்கலாம்."

"அப்படி என்டா நிச்சயமாத் தெரிஞ்சதை மட்டும் சேருங்க. மற்றதைச் சந்தேகம் என்டு தனியா வையுங்க. பிழை என்னுடையது, தங்கச்சி. மற்றவங்க எடுத்த படத்தை நான் விசாரிக்காம வாங்கினது. எத்தனை குறைஞ்சாலும் குறையட்டும்."

மறுநாள் பஸ் ஏறிப் புத்தளம் போனாள். முபாறக்கின் ஸ்டூடியோ பெரியபள்ளிக்குப் பக்கத்து ஒழுங்கையில். கண்ணாடிக்குப் பின்னால் மாப்பிள்ளை, பெண் படங்கள். அவன் கம்ப்யூட்டரில் ஒரு கலியாண அல்பம் செய்துகொண்டிருந்தான்.

"நானா, திமிங்கிலப் படத்த எல்லாம் திருப்பிப் போட்டிரிக்கீங்களே. ஏன்?"

"திருப்பினயா?" முபாறக் யோசித்தான். பிறகு சிரித்தான். "ஓ, அதா. ஹாஜியாருக்கு ஹோட்டல் மேசையில வெக்க அல்பம் வேணும் எண்டாரு. அல்பம் எண்டாச் சோடி சேக்கணுமே. இங்க பாருங்க." கலியாண அல்பத்தின் இரண்டு பக்கத்தைக் காட்டினான். "இடப் பக்கத்துப் படத்தில பொண்ணு வலத்தப் பாக்கணும். வலப் பக்கத்தில மாப்புள இடத்தப் பாக்கணும். முகம் வெளியப் பாத்திச்சோ, பொண்ணுட உம்மா அல்பத்தத் தூக்கி எறிஞ்சிடும். வீட்ட விட்டுப் போற மாதிரி எண்டு சொல்லும். அதால வெளியப் பாக்கிறதத் திருப்பி உள்ளப் பாக்க வெப்பம். வாலையும் அப்படித்தான் வெச்ச. ரெண்டு வாலும் ஒண்ட ஒண்டு பாத்து, நடுவில வாசல் மாதிரி. வடிவா இல்லயா?"

"திருப்பாத படம் எங்க?"

"அத ஏன் வெச்சிக்கொள்ற? கெமராவில அழிச்சாச்சி. எடம் வேணுமே."

"எது எது திருப்பின எண்டு ஞாபகமா?"

"தங்கச்சி, மாசத்துக்கு எத்தனை கலியாணம் செய்றன். எந்த மாப்புளயத் திருப்பின எண்டே எனக்குத் தெரியா. திமிங்கிலம் போலீசில வந்து முறைப்பாடு வெக்கப் போகுதா, எனக்கி வலக்கை இடக்கை மாறிப் போச்சி எண்டு?"

அவள் சிரிக்கவில்லை. "என்ட மகளுட கலியாணத்துக்கு ஒங்களக் கூப்பிட மாட்டன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவளுக்கு மகள் இல்லை. சொல்வதற்கு வேறு ஒன்றும் அகப்படவில்லை.

அக்ரமிடம் இரவுச் சாப்பாட்டில் சொன்னாள். அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"எத்தனை வரும்?"

"பாதியும் வராது."

"அப்ப எங்கட போட்டு?"

அவள் கோப்பையை அவன் பக்கம் திரும்ப நகர்த்தினாள்.

"யாருக்குத் தெரியும் இது? ஒனக்கு, எனக்கு, அந்த சேருக்கு. மஹ்ரூப்புட பொக்கட் எந்தப் பக்கம் எண்டு கொழும்பில இருந்து வந்து பாக்கப் போறாங்களா? நீ ஒரு தையல்காரி, ஸுஹைரா. வெட்டுற, தைக்கிற, காசு வாங்குற. தச்சிக் குடுத்த சட்டையப் போட்டு ஒருத்தன் களவெடுத்தா அது ஒன்ட குத்தமா?"

"ரெண்டு கையும் இடக்கையா வெட்டிக் குடுத்தா அது என்ட குத்தம்தான்."

"கையா இது? கடல். கடலில யாரு கை பாக்கிற?"

"ஒரு ஆள ரெண்டு பேரா எண்ணினா என்ன நடக்கும் எண்டு ஒங்களுக்குத் தெரியாதா?"

அக்ரமுக்கு அது தெரியும். ஆலங்குடாவில் யாருக்குத்தான் தெரியாது. போர் முடிந்து திரும்பிப் போகப் பதியுங்கள் என்றபோது எல்லோரும் பதிந்தார்கள். மன்னாரில் போய் நின்றால், நீங்கள் புத்தளத்தில் இருக்கிறீர்கள், இரண்டு தரம் எண்ணப்பட்டவர்கள் என்று சொல்லிப் பெயரை வெட்டினார்கள். புத்தளத்தில் வந்து நின்றால், நீங்கள் மன்னாரில் பதிந்தவர்கள், இரண்டு தரம் எண்ணப்பட்டவர்கள் என்று அங்கேயும் வெட்டினார்கள். ஒரு தேர்தலில் அவளுடைய உம்மா எந்த ஊர் வாக்காளரும் இல்லாமல் இருந்தார். இரண்டு ஊரிலும் களவு என்று பேர் மட்டும் கிடைத்தது. பிழையாக எண்ணியவனை யாரும் அதற்காக ஒரு சொல்லுக் கேட்கவில்லை.

அக்ரம் எழும்பிப் போய்ப் படுத்துவிட்டான். இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி கேட்கவும் இல்லை. தானே ஊற்றிக் குடித்தான். அவள் தன் மெஷினை அளவுக்கு மிஞ்சி வேகமாக மிதித்தாள்.

மூன்றாம் நாள் ஹாஜியார் வந்தார். வேன் வாசலில் நின்றது. வெள்ளை ஜுப்பா, வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு பொதி பேரீச்சம்பழம். கதிரையில் இருந்து மேசையில் கிடந்த தாள் வால்களைப் பார்த்தார்.

"நல்ல வடிவா வெட்டியிரிக்கீங்க, புள்ள. முபாறக் சொன்னான். நீங்க வந்து சண்டை புடிச்ச எண்டு."

"சண்டை இல்ல, ஹாஜியார். கேட்டன்."

"கேக்கத்தான் வேணும். வேலயில நேர்மை எண்டா அது இபாதத், அல்லாஹ்வுக்கு வணக்கம். நான் வேண்டாம் எண்டு சொல்லல்ல." அவர் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துத் தானே தின்றார். "ஆனா இந்தப் பருவத்துக் கணக்கு போகட்டும். அடுத்த பருவத்துக்கு சேருட போட்டுப் படத்த மட்டும் எடுத்துச் சரியா எண்ணுங்க. குறஞ்சா அப்பக் குறயட்டும். திமிங்கிலம் வரும், போகும். இந்த வருஷம் நானூறு, அடுத்த வருஷம் இருநூறு. யாரு கேக்கிற?"

"இந்த வருஷமே நானூறு இல்லயே."

"கடலுக்குள்ள எறங்கி எண்ணினீங்களா?"

"நீங்களும் எறங்கல்லயே, ஹாஜியார். பலகை போட்டீங்க."

ஹாஜியாரின் முகம் மாறவில்லை. குரல் மட்டும் இன்னும் மெதுவானது. "இங்க பாருங்க மகள். நான் ஒங்கட நன்மைக்குத்தான் வந்த. கணக்குக் குறஞ்சா போட்டுக் குறைக்கச் சொல்வாங்க. யாருட போட்டக் குறைக்கிற? எங்கட போட்டெல்லாம் வாப்பா காலத்துப் போட்டு. சங்கத்துக்கு ஒரு முறை இரிக்கி. பிந்தி வந்தவங்கட போட்டுத்தான் முதல்ல நிக்கும். அதச் சொல்ல எனக்கும் விருப்பமில்ல."

வாசல்படியில் இருந்த அக்ரம் தலையைத் திருப்பினான்.

"பிந்தி வந்தவங்க எண்டா யாரு, ஹாஜியார்?" என்று கேட்டான்.

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க, தம்பி."

"நான் வரக்கொள எனக்கு மீசை இல்ல. இப்ப தாடி நரைக்கிது. இன்னமும் பிந்தித்தான் வந்திரிக்கனா?"

ஹாஜியார் எழும்பினார். ஸலாம் சொன்னார். பேரீச்சம்பழப் பொதி மேசையில் அப்படியே கிடந்தது. வேன் சந்தி திரும்பும் வரை அக்ரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பொதியை எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டான். ஆடு பாதிக் கடதாசியையும் சேர்த்துத் தின்றது.

உள்ளே வந்து அவன் மேசையருகே நின்றான். "ஊத்துப் பாத்தியா?" என்று கேட்டான்.

"என்ன ஊத்து?"

"படத்தில. வால் தூக்க முந்தி அது மூச்சு விடும். மத்தத் திமிங்கிலம் நேரா மேல ஊத்தும். இது அப்படியில்ல. மூக்கு இடப் பக்கம். ஊத்து முன்னுக்கும் இடத்துக்கும் சாஞ்சி விழும். பின்னால நிண்டு பாத்தா எப்பவும் இடத்துக்குத்தான். படத்தில வலத்துக்குச் சாஞ்சிருந்தா, திருப்பின படம்."

அவள் அவனையே பார்த்தாள். "இத மூணு நாளா ஏன் சொல்லல்ல?"

"கோவத்தில இருந்தேனே," என்றான் அக்ரம்.

"காத்தடிச்சாலும் சாயுமே?"

"சாயும். வாவன் காட்டுறன்."

விடிந்ததும் படகை இறக்கினார்கள். அவள் கருவாடு காய்கிற கரையைத் தாண்டிக் கடலுக்குப் போனது அதுதான் முதல் தடவை. இத்தனை வால் வெட்டியவள் ஒரு வாலையும் நேரில் கண்டதில்லை. பாருக்கு மேல் தண்ணீர் பச்சையாக இருந்தது. அதைத் தாண்டியதும் நிறம் கறுத்தது. அக்ரம் இஞ்சினை நிறுத்திக் காதைக் கொடுத்தான், திரும்ப ஓட்டினான், திரும்ப நிறுத்தினான். வெயில் ஏறியது. அவளுக்குத் தலை சுற்றியது, வாந்தி எடுத்தாள். "கணக்குப் புள்ளைக்கிக் கடல் ஒத்துக்கொள்ளல்ல," என்றான். அவள் வாய் கொப்பளித்த தண்ணீரை அவன் மேல் தெளித்தாள்.

தென்மேற்கே ஒரு கூட்டம் கிடந்தது. மரக்கட்டைகள் மிதக்கிறதுபோலத்தான் முதலில் தெரிந்தது. அக்ரம் பின்பக்கமாகச் சுற்றி, தூரத்திலேயே நிறுத்தினான். காற்று இடமிருந்து வலமாக வீசிக்கொண்டிருந்தது. அவள் தலைமறைப்பு வலப் பக்கம் பறந்தது. அவள் அதைப் பார்த்து வைத்துக்கொண்டாள். முதல் ஊத்து வந்தது. கட்டையான, தடித்த ஊத்து. எழும்பும்போது இடத்துக்குச் சாய்ந்து எழும்பியது. பிறகுதான் காற்று அதை வலத்துக்கு இழுத்துக் கலைத்தது. இரண்டாவதும் அப்படியே. வேறொன்று, அதுவும் அப்படியே. ஊத்தின் அடியைப் பார்க்க வேண்டும், நுனியைப் பார்க்கக் கூடாது என்று அவளுக்கு விளங்கியது.

பிறகு ஒன்று முதுகை வளைத்தது. வால் எழும்பியது, தண்ணீர் ஓரமெல்லாம் வழிந்தது. எந்த வெட்டும் தனக்குத் தெரிந்ததாக இல்லை. உண்மையாகவே புது வால். அவள் படம் எடுக்கவில்லை. வால் இறங்கிய இடத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல வழுவழுப்பாகக் கிடந்தது. அந்த நேரம் மூன்று படகுகள் இஞ்சின் அலற அந்த வழுவழுப்பின் மேலேயே வந்து நின்றன. முன்படகில் மஹ்ரூப், நீலச் சட்டையோடு. "எங்க போச்சி? எந்தப் பக்கம்?" என்று கத்தினான். மற்றத் திமிங்கிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக, வால் தூக்காமலே, உள்ளே போய்விட்டன.

"நானூறு இருக்கிதெண்டு சொன்னா இப்படித்தான் வருவாங்க," என்றாள் ஸுஹைரா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நானும் வந்தவன்தான்," என்றான் அக்ரம், இஞ்சின் கயிற்றை இழுத்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்கினாள். தைக்க வந்த பெருநாள் உடுப்புகளைக் கூடத் தள்ளி வைத்தாள். ஸ்டூடியோப் படங்களில் வாலோடு பக்கத்து ஊத்தும் தெரிகிற படத்தைப் பிரித்தாள், சட்டைப்பை தெரிகிற படத்தைப் பிரித்தாள், இரண்டும் இல்லாததைப் பிரித்தாள். அடையாளம் உள்ளவற்றைத் திருப்பி வரைந்து, திரும்ப வெட்டி, திரும்பப் பொருத்தினாள். அடையாளம் இல்லாதவற்றில் வெட்டுகள் நிறைய உள்ள வால் மட்டும் சேர்ந்தது. மற்றவை 'சந்தேகம்' என்று எழுதிய உறைக்குள் போயின. அந்த உறை தடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றை உள்ளே போடும்போதும் அவளுக்கு முபாறக்கின் சிரிப்புக் காதில் கேட்டது.

ஒன்று மட்டும் அவள் எதிர்பாராமல் கிடைத்தது. திருப்பிய வால்களைச் சரியான பெயரோடு சேர்த்து, எந்த வால் எங்கே கண்டது என்று நிக்கொலஸ் தந்த கடல்படத்தில் புள்ளி வைத்தபோது, வீக் கழுத்தின் புள்ளிகள் கற்பிட்டிக்கு மேற்கே தொடங்கித் தெற்கே சிலாபத்துக்கு நேரே வரைக்கும் நீண்டு கிடந்தன. முன்னர் அவை இரண்டு திமிங்கிலம்: ஒன்று வடக்கில், ஒன்று தெற்கில். கூட்டம் சின்னதுதான். ஆனால் ஒரே கூட்டம், அந்தக் கரை முழுக்கத் திரிகிற கூட்டம். அவள் அந்தப் புள்ளிகளை விரலால் தொட்டுக்கொண்டு போனாள். கோபம் போகவில்லை.

அனுமதிக் கூட்டம் சங்கக் கட்டடத்தில் வைத்தார்கள். கணக்கை நிக்கொலஸ் அன்றைக்குச் சொல்ல வேண்டும். அவருடைய பஸ் பாலாவியில் பிந்திவிட்டது. ஸுஹைரா சப்பாத்துப் பெட்டி ஒன்றில் வால்களை அடுக்கி, மேலே கடல்படத்தை மடித்து வைத்து, அளவு நாடாவால் சுற்றிக் கட்டிக்கொண்டு அக்ரமோடு போய் வாசலில் நின்றாள். உள்ளே படகுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். மஹ்ரூப் அவளைக் கண்டு முகத்தைத் திருப்பினான்.

ஹாஜியார் வெளியே வந்தார். "வெயிலில நிக்காதீங்க, புள்ள. பெட்டியத் தாங்க. சேர் வந்ததும் நான் குடுக்கிறன்."

"இல்ல, ஹாஜியார். நிக்கிறன்."

"என்னய நம்பல்லயா?"

"படத்த ஒங்களிட்டத்தான் வாங்கின," என்றாள் ஸுஹைரா. குரலை உயர்த்தவில்லை. உள்ளே இருந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள். "வாங்கக்கொள யாரும் ஒண்டும் கேக்கல்ல. திருப்பிக் குடுக்கக்கொளயும் கேக்காமக் குடுத்தா அது ரெண்டாவது பிழை. கணக்கெடுக்கிறவரிட்டத்தான் குடுப்பன்."

"ஒங்கட போட்டு நிக்கும், தெரியுந்தானே?" என்று ஹாஜியார் அக்ரமைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியும்," என்றான் அக்ரம். "நிண்டா வலைக்குப் போவன். நீங்க பேரக் கூப்பிடக்கொள சத்தமாக் கூப்பிடுங்க. பிந்தி வந்தவன் எண்டு சேத்தே கூப்பிடுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

ஹாஜியார் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை ஜுப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். யாரும் அவர்களுக்குக் கதிரை கொண்டு வரவில்லை. நிழல் சுவரோடு ஒட்டிச் சுருங்கியது. அவள் பெட்டியை ஒரு இடுப்பில் இருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். அக்ரம் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை.

நிக்கொலஸ் சந்தியில் இறங்கி ஏறக்குறைய ஓடி வந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைக் கண்டதும் நின்று மூச்சு வாங்கினார். எவ்வளவு என்று கேட்கவில்லை.

"சந்தேகம் எல்லாம் தனி உறையில இரிக்கி, சேர்," என்றாள் அவள். "அதக் கணக்கில சேக்க வேணாம். கேட்டா என்ட பேரச் சொல்லுங்க."

"நம்ம இரண்டு பேருடைய பேரையும் சொல்லுவேன்," என்றார் நிக்கொலஸ்.

அவள் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, அவருடைய இரண்டு கைக்குள்ளும் வைத்தாள்.